வெங்காயச் செல்லின் உண்மையான அளவு: இமேஜ்ஜே கொண்டு அளப்போம்

"சார், ஒரே ஸ்லைடைத்தானே படம் எடுத்தோம், அவனுக்கு 240 வருது, எனக்கு 120 வருதே?" வகுப்பில் இப்படிக் கேள்வி வந்தால் மாணவரைக் குறை சொல்ல வேண்டாம். படம் வந்த வழியைப் பாருங்கள்.

இமேஜ்ஜே என்பது நுண்ணோக்கிப் படங்களை அளக்கும் இலவச மென்பொருள். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் உருவாக்கி, 1997இல் வெளியானது. மூல நிரல் பொதுவில் இருப்பதால் ஆய்வாளர்கள் பலர் தங்கள் முறைகளைச் செருகுநிரல்களாக எழுதிச் சேர்த்தார்கள். அவற்றைத் தொகுத்துத் தருவதே ஃபிஜி. (தீவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

முதலில் அளவுகோல். நுண்ணோக்கி மேடை அளவுகோலில் 1 மில்லிமீட்டர் 100 பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒரு பாகம் 10 மைக்ரோமீட்டர். அதைப் படமெடுத்து, 10 பாகத்தின் மேல் நேர்கோடு வரையுங்கள். 400 பிக்சல் வந்தால், அது 100 மைக்ரோமீட்டர். 'அனலைஸ்' பட்டியலில் 'செட் ஸ்கேல்' சென்று பதிந்துவிடுங்கள். இனி அதே லென்ஸில், அதே கேமராவில் எடுத்த வெங்காயச் செல் 960 பிக்சல் நீளமென்றால், 960 ÷ 4 = 240 மைக்ரோமீட்டர். லென்ஸை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து.

அப்போ 120 எப்படி வந்தது? அந்த மாணவர் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கியிருக்கிறார். அது படத்தைச் சுருக்கிவிடும். 960 பிக்சல் 480 ஆனது, அளவுகோல் மட்டும் பழையபடியே இருந்தது. படத்தைக் கோப்பாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. அதைவிட நல்லது, அளவுகோல் கோட்டைப் படத்திலேயே பதித்துவிடுவது. படம் சுருங்கினால் கோடும் சேர்ந்து சுருங்கும். '×400' என்று ஓரத்தில் எழுதுவது புரொஜெக்டரில் போட்டதுமே பொய்யாகிவிடும்.

பகிரும்போது படம் மட்டும் போதாது. 'பிளகின்ஸ்', 'மேக்ரோஸ்', 'ரெக்கார்ட்' என்று திறந்து வைத்தால், நீங்கள் செய்யும் ஒவ்வொரு படியையும் மென்பொருளே எழுதிவைக்கும். அந்தச் சிறு கோப்போடு லென்ஸ், சாயம் (நமக்கு அயோடின்தான்), கேமரா விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் அதே எண்ணை வரவழைத்துப் பார்க்கலாம். எண் மாறினால் எந்தப் படியில் மாறியது என்று கண்டுபிடிக்கலாம்.

தேர்வு எழுதுவோருக்கு: வினாத்தாளில் 48 மி.மீ. நீளமுள்ள படம், உருப்பெருக்கம் ×200 என்றால், 48 ÷ 200 = 0.24 மி.மீ., அதாவது 240 மைக்ரோமீட்டர். 1000ஆல் பெருக்க மறந்துதான் பலர் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள்.