பிரெக்ஸிட்: 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது?

2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்த பிரிட்டன் மக்களில் 51.9 சதவீதத்தினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தனர். அந்தப் பிரச்சாரத்திலும் அதற்குப் பின் நடந்த நீண்ட இழுபறியிலும் இரண்டு விஷயங்கள் ஓயாமல் பேசப்பட்டன. ஒன்று, ஒரு நாடு தனியாகவே ஒரு முடிவைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம். மற்றொன்று வர்த்தக ஒப்பந்தம். நம் குடும்பங்களில் பலருக்கு அங்கே பிள்ளைகளோ உறவினர்களோ இருக்கிறார்கள். ஆனாலும் இந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பது நம்மில் பலருக்குத் தெளிவாகத் தெரியாது. தெரியாமல் இருந்ததால் என்ன நடந்தது என்பதற்குத் துருக்கி விவகாரமே போதுமான சான்று.

விலகலை ஆதரித்த 'வோட் லீவ்' இயக்கம், 7 கோடியே 60 லட்சம் மக்கள் கொண்ட துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரப்போகிறது என்று சுவரொட்டி அடித்தது. துண்டுப் பிரசுரத்தில் ஒரு வரைபடமும் போட்டது. அதில் துருக்கியின் அண்டை நாடுகளான சிரியாவும் இராக்கும் பெயர் குறித்துக் காட்டப்பட்டிருந்தன. எதற்காக என்று விளக்கத் தேவையில்லை. வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு, அன்றைய ஆயுதப்படைத் துறை இணையமைச்சர் பென்னி மார்டன்ட் பிபிசி நேர்காணலில், துருக்கி சேருவதை பிரிட்டனால் வீட்டோ செய்ய முடியாது என்றார். அது தவறு என்று பிரதமர் டேவிட் கேமரூன் அன்றே மறுத்தார்.

சட்டப்படி கேமரூன் சொன்னதுதான் சரி. ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 49ஆவது பிரிவின்படி, புதிய நாட்டைச் சேர்க்க எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு நாடும் தன் நாட்டு முறைப்படி தனித்தனியாக அங்கீகரிக்கவும் வேண்டும். துருக்கி 1987இல் விண்ணப்பித்தது. பேச்சுவார்த்தை தொடங்கியதோ 2005இல். 35 அத்தியாயங்களில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் தற்காலிகமாக, முடிக்கப்பட்டது. சைப்ரஸ் என்ற சிறு நாடு தனியாக நின்றே பல அத்தியாயங்களைத் தடுத்து வைத்திருந்தது. சைப்ரஸுக்கு இருந்த அதிகாரம் பிரிட்டனுக்கு மட்டும் இல்லாமல் போகுமா? இதே கேமரூன் 2010இல் அங்காராவுக்குச் சென்று, துருக்கியைச் சேர்க்கத் தாம் பாடுபடுவதாகப் பேசியவர் என்பது வேறு கதை. அதனால்தான் அவருடைய மறுப்பு எடுபடவில்லை என்று நாம் கருதுகிறோம்.

இதை வெறும் சட்ட நுணுக்கமாக நம்மால் கடந்துபோக முடியாது. 'தடுக்கும் வழி நம்மிடம் இல்லை' என்ற தவறான தகவல்தான், ஒரு முஸ்லிம் நாட்டின் மக்களை வாசலில் நிற்கும் ஆபத்தாகக் காட்ட உதவியது. வாக்கெடுப்புக்கு அடுத்த மாதமான 2016 ஜூலையில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன, மத வெறுப்பால் நடந்த குற்றங்களின் பதிவு முந்தைய ஆண்டு ஜூலையைவிட 41 சதவீதம் கூடியது என்று பிரிட்டன் உள்துறையே தெரிவித்தது. எல்லாவற்றையும் ஒரு துண்டுப் பிரசுரத்தின் தலையில் கட்டுவது நியாயமல்ல. ஆனால் அந்தச் சூழலை உருவாக்கியதில் அதற்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

சரி, வீட்டோ எங்கே உண்டு, எங்கே இல்லை? நம் மஹல்லா ஜமாஅத்தில்கூட சில காரியங்களைப் பெரும்பான்மை முடிவுசெய்யும். சில காரியங்களில் ஒருவர் முகம் சுளித்தாலும் பேச்சு நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் அப்படித்தான். வெளியுறவு, வரி, புதிய உறுப்பினர் போன்றவற்றில் ஒருமித்த முடிவு தேவை. அங்கே ஒவ்வொரு நாட்டிடமும் வீட்டோ இருக்கிறது. மற்ற பெரும்பாலான விஷயங்களுக்கு 55 சதவீத நாடுகளும், ஒன்றிய மக்கள்தொகையில் 65 சதவீதமும் சேர்ந்தால் போதும்.

விலகுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. 50ஆவது பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்தால் இரண்டு ஆண்டுகளில் உறுப்புரிமை முடிந்துவிடும். பிரிட்டன் 2017 மார்ச் 29இல் அறிவிப்புக் கொடுத்தது. விலகும் நிபந்தனைகளைப் பேசும் ஒப்பந்தத்திலும் தனி வீட்டோ கிடையாது. மிச்சமுள்ள 27 நாடுகளில் 20 நாடுகள், 65 சதவீத மக்கள்தொகையுடன் ஏற்றுக்கொண்டு, ஐரோப்பிய நாடாளுமன்றமும் சம்மதித்தால் முடிந்தது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுக் கெடுவை நீட்டிக்க வேண்டுமென்றால் 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். விலகும் நாட்டுக்கு அந்த ஆலோசனையில் இடமில்லை. 2019இல் பிரிட்டன் மூன்று முறை அவகாசம் கேட்டுப் போய் நின்றது. ஏப்ரலில் நீண்ட அவகாசம் கூடாது என்று பிரான்ஸ் பிடிவாதம் பிடித்தது. ஒருவழியாக 2020 ஜனவரி 31இல்தான் வெளியேற்றம் நடந்தது.

சட்டத்தில் வீட்டோ இல்லாத இடத்திலும் ஒரு நாடு தன் விருப்பத்தைச் சாதிக்க முடியும். ஜிப்ரால்டர் விவகாரம் அதைக் காட்டியது. தாரிக் பின் ஸியாதின் பெயரால் 'ஜபல் தாரிக்' என்று அழைக்கப்பட்ட அந்தப் பாறை, பிரிட்டனின் ஆட்சியில் இருக்கிறது. ஸ்பெயினோ அதற்கு உரிமை கோருகிறது. 2018 நவம்பரில் விலகல் ஒப்பந்தத்தை ஏற்க உச்சி மாநாடு கூடவிருந்த நேரத்தில், ஜிப்ரால்டர் பற்றிய உறுதிமொழி இல்லாவிட்டால் சம்மதிக்க மாட்டோம் என்றார் ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சாஞ்செஸ். ஸ்பெயின் ஒன்றின் எதிர்ப்பால் ஒப்பந்தத்தைச் சட்டப்படி தடுத்திருக்க முடியாது. ஆனாலும் ஓர் உறுப்பு நாட்டை ஒதுக்கிவிட்டு மேலே செல்ல மற்ற 26 நாடுகளுக்கும் மனமில்லை. எழுத்துமூல உறுதிமொழிகள் ஸ்பெயினுக்குக் கிடைத்தன. அயர்லாந்து எல்லைப் பிரச்சினையிலும் இதுவே நடந்தது. சுமார் 50 லட்சம் மக்கள் கொண்ட அயர்லாந்தின் பின்னால் மற்ற எல்லா நாடுகளும் நின்றன. தனியே நின்றது பிரிட்டன்தான்.

வர்த்தக ஒப்பந்தம் இதைவிடச் சிக்கலானது. ஒன்றியத்துக்குள் இருக்கும் எந்த நாடும் வெளிநாடுகளுடன் தனியாகச் சுங்கவரி ஒப்பந்தம் போட முடியாது. ஒன்றியமே எல்லோருக்காகவும் பேசும். சுங்கவரி, சரக்கு போன்ற ஒன்றியத்தின் அதிகாரத்துக்குள் அடங்கும் விஷயங்கள் மட்டும் இருந்தால் உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றங்கள் தலையிடாது. முதலீட்டாளர் வழக்கு போன்ற நாடுகளின் அதிகாரத்தைத் தொடும் அம்சங்கள் சேர்ந்துவிட்டால் அது 'கலப்பு ஒப்பந்தம்' ஆகிவிடும். அப்போது எல்லா நாடுகளின் நாடாளுமன்றங்களும், பெல்ஜியம் போன்ற நாட்டில் மாநிலச் சபைகளும்கூட அங்கீகரிக்க வேண்டும்.

இதன் விளைவைக் கனடா அனுபவித்தது. 2009இல் தொடங்கிய பேச்சு முடிந்து 2016 அக்டோபரில் கையெழுத்துக்கு வந்தபோது, பெல்ஜியத்தின் வலோனியா மாநிலம் குறுக்கே நின்றது. சுமார் 36 லட்சம் மக்கள் வாழும் ஒரு மாநிலத்தைச் சமாதானப்படுத்த ஒரு கண்டமே காத்திருந்தது. 2020இல் சைப்ரஸ் நாடாளுமன்றம் அதே ஒப்பந்தத்தை நிராகரித்தது. காரணம், தன் நாட்டு ஹலூமி பாலாடைக்கட்டியின் பெயருக்குப் பாதுகாப்பு இல்லை என்பது! சைப்ரஸ் அதை முறைப்படி அறிவிக்காததால் ஒப்பந்தம் தற்காலிகமாக நடைமுறையில் தொடர்கிறது. 'கனடாவைப் போல ஓர் ஒப்பந்தம் போதும்' என்று பிரிட்டனில் பேசியவர்கள் இந்தப் பகுதியை அவ்வளவாகச் சொல்வதில்லை.

கடைசியில் பிரிட்டனுக்கு அந்தக் கதி நேரவில்லை. 2020 டிசம்பர் 24இல் முடிவான 1200 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, ஒன்றியத்தின் அதிகாரத்துக்குள் அடங்கும் ஒன்றாகவே அமைத்தார்கள். அரசுகளின் ஒருமித்த சம்மதமும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் வாக்கும் மட்டும் போதுமானதாயின. சுங்கவரி இல்லை, ஆனால் சோதனையும் சான்றிதழும் காகித வேலையும் வந்துவிட்டன.

அடுத்த ஐந்தாவது நாள், டிசம்பர் 29இல், பிரிட்டன் இன்னொரு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. யாருடன் தெரியுமா? துருக்கியுடன்! ஒன்றியத்தில் சேராமலே அதனுடன் சுங்கக் கூட்டில் இருக்கும் துருக்கியால், பிரஸ்ஸல்ஸின் முடிவு தெரியும்வரை பிரிட்டனுடன் ஒப்பந்தம் செய்ய இயலவில்லை. ஒன்றியத்தின் முடிவுகளில் வாக்கு இல்லாமல், அவற்றின் கட்டு மட்டும் இருக்கும் நிலை அது. பிரெக்ஸிட்டுக்குப் பின் பிரிட்டனும் ஒன்றியத்துடன் சுங்கக் கூட்டில் இருக்கலாமே என்று வாதிட்டவர்களுக்குத் துருக்கியின் இந்த நிலையே எதிர்வாதமாகக் காட்டப்பட்டது. அந்த எதிர்வாதத்தில் நியாயம் இருந்தது.

விலகலை ஆதரித்தவர்களின் இன்னொரு வாதமும் தள்ளிவிடக்கூடியதல்ல. ஒன்றியத்துக்கும் இந்தியாவுக்கும் 2007இல் தொடங்கிய பேச்சு 2013இல் நின்றுபோய், 2022இல்தான் மீண்டும் தொடங்கியது. தனியாக வந்த பிரிட்டன் 2022இல் பேச்சைத் தொடங்கி 2025 ஜூலை 24இல் இந்தியாவுடன் கையெழுத்திட்டது. திருப்பூர் பின்னலாடைக்கும், நம் சமுதாயத்தவர் தலைமுறைகளாகத் தொழில் நடத்தும் ஆம்பூர், வாணியம்பாடி தோல் பொருட்களுக்கும் பிரிட்டனின் சுங்கவரியை நீக்க அதில் வழி செய்யப்பட்டது. வங்கதேசமும் பாகிஸ்தானும் ஏற்கெனவே வரிச் சலுகையுடன் போட்டியிட்ட சந்தை அது.

பிரிட்டனின் கணக்கோ வேறு. இந்திய ஒப்பந்தத்தால் நீண்டகாலத்தில் ஆண்டுக்கு 480 கோடி பவுண்டு வளர்ச்சி என்று அந்த அரசு மதிப்பிடுகிறது. ஒன்றியத்தை விட்டதால் நாட்டின் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்கிறது அங்குள்ள வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம். 4 சதவீதம் என்பது அந்த 480 கோடியைப் போலப் பல மடங்கு.

அதிகாரம் தங்கள் நாடாளுமன்றத்துக்குத் திரும்ப வேண்டும் என்றுதானே விலகினார்கள்? ஒன்றியம் போடும் முக்கிய வர்த்தக ஒப்பந்தத்தை ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரே வாக்கில் நிராகரிக்கலாம். பிரிட்டனிலோ 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, கையெழுத்தான ஒப்பந்தம் அவையின் 21 அமர்வு நாட்களுக்கு வைக்கப்படும். அதன்மீது வாக்கெடுப்பு நடத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மக்களவை எதிர்த்துத் தீர்மானம் போட்டால், அரசு காரணம் சொல்லிவிட்டு மறுபடி 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். இப்படித் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாமே தவிர, லண்டன் நாடாளுமன்றத்தால் ஒரே வாக்கில் 'வேண்டாம்' என்று முடித்துவிட முடியாது.