மனைவி மக்களை நினைத்துப் பார்த்தாரா அந்த விவசாயி?



சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்தில் ஒரு காலைத் திருப்பலியில், ஆஸ்திரியா நாட்டு விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டரைப் பற்றிச் சுருக்கமாக மறையுரை ஆற்றினேன். ஹிட்லரின் படையில் சேர மறுத்து, 1943-இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டவர். 2007-இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது. இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு வெளியே வந்தபோது, கணவரை இழந்து தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண் ஒருவர் என்னை நிறுத்தினார். "சாமி, அவரு மோட்சத்துக்குப் போயிட்டாரு, சரி. பொண்டாட்டி புள்ளைங்க கதி என்னாச்சு? அவங்கள நெனச்சுப் பாத்தாரா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃபிரான்ஸ் பிறந்தது 1907 மே 20-ஆம் நாள், ஆஸ்திரியாவில் உள்ள புனித ராடெகுண்ட் என்ற சிற்றூரில். தாய் ரோசலியா ஒரு பண்ணையில் வேலைக்காரப் பெண். தந்தையும் கூலிதான். திருமணம் செய்துகொள்ளும் அளவுக்கு இருவரிடமும் வசதி இல்லை. அந்தத் தந்தை முதல் உலகப் போரில் இறந்துபோனார். பாட்டிதான் பிள்ளையை வளர்த்தார். பின்னர் தாய் ஹைன்ரிச் யேகர்ஸ்டேட்டர் என்ற விவசாயியை மணக்க, அவர் சிறுவனைத் தம் மகனாக ஏற்றுப் பெயரும் கொடுத்தார்.

இவர் சிறுவயது முதலே முழங்காலில் நின்ற புனிதர் அல்லர். சில ஆண்டுகள் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு, ஊருக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பினார். அந்த ஊர் பார்த்த முதல் மோட்டார் சைக்கிள் அது. 1933-இல் திருமணமாகாமலேயே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானார். நமது பங்குகளில் இப்படி ஒரு இளைஞன் இருந்தால் நாம் எத்தனை ஆண்டுகள் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருப்போம் என்று நினைத்துப் பாருங்கள். ஃபிரான்ஸ் அந்தக் குழந்தையைக் கைவிடவில்லை.

1936-ஆம் ஆண்டு புனித வியாழனன்று ஃபிரான்சிஸ்காவை மணந்தார். மணமக்கள் இருவரும் உரோமைக்குத் திருப்பயணம் போனார்கள். ரோசலியா, மரியா, அலோய்சியா என்று மூன்று பெண் பிள்ளைகள். வயல், மாடு, குடும்பம், அன்றாடத் திருப்பலி என்று வாழ்க்கை ஓடியது. ஊர்க் கோவிலில் கோவில்பிள்ளையாகவும் இருந்தார். அடக்கத் திருப்பலிகளுக்கு உதவி செய்ததற்காகக் காசு வாங்க மாட்டார்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைத் தம் நாட்டோடு இணைத்துக்கொண்டார். ஏப்ரல் 10-ஆம் நாள் அதற்கு ஒப்புதல் கேட்டு மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஆஸ்திரிய ஆயர்களும் ஆதரவாக வாக்களிக்கச் சொல்லியிருந்த நேரம் அது. புனித ராடெகுண்டில் 'இல்லை' என்று வாக்களித்தவர் ஃபிரான்ஸ் ஒருவரே. ஊர் அதிகாரிகள் அந்த ஒரு வாக்கை மறைத்து, ஊர் முழுவதும் ஒருமனதாக ஆதரித்ததாக மேலிடத்துக்கு எழுதினார்கள். ஊருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதாம்! அதன்பின் அரசு குடும்பங்களுக்குக் கொடுத்த உதவித்தொகையையும் அவர் வாங்கவில்லை. கட்சி திரட்டிய நிதிக்கும் கொடுக்கவில்லை.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்தப் போரிலும் யாரும் பங்கெடுக்கக் கூடாது என்பது அவருடைய வாதம் அல்ல. 1940-இல் அழைத்தபோது படைக்குப் போனார். 1941 ஏப்ரல் வரை பயிற்சியும் பெற்றார். பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்ததும் அந்த நாள்களில்தான். ஆனால் படையில் கண்டதும் கேட்டதும் அவரை உறுத்தின. மனநலம் குன்றியவர்களை அரசே கொல்கிறது என்ற செய்தியும் அவர் காதுக்கு எட்டியது. வீடு திரும்பியபின் நோட்டுப் புத்தகங்களில் எழுதத் தொடங்கினார். இரஷ்யாவுக்குள் நுழைவது கடவுளை மறுக்கும் கம்யூனிசத்தை ஒழிக்கவே என்று அன்று பலர், கத்தோலிக்கர்களும்தான், நம்பினார்கள். ஃபிரான்ஸ் கேட்டது வேறு: அங்கே போவது கொள்கையை ஒழிக்கவா, அல்லது அந்த நாட்டின் கனிமங்களுக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கும் விளைநிலத்துக்குமா? எட்டாண்டு ஊர்ப்பள்ளிப் படிப்பு மட்டுமே கொண்ட விவசாயிக்குத் தெரிந்தது படித்தவர்கள் பலருக்குத் தெரியாமல் போயிற்று. நிலத்தின் மதிப்பு அறிந்தவர் என்பதாலோ என்னவோ.

ஆலோசனை கேட்காமல் அவர் முடிவெடுக்கவில்லை. குருக்களைக் கேட்டார், லின்ஸ் மறைமாவட்ட ஆயர் ஃபிளீசரையும் நேரில் சந்தித்தார். தந்தையாக உமக்குள்ள கடமையைப் பாரும், அரசின் போர் சரியா தவறா என்று தீர்ப்பிடுவது உம் பொறுப்பல்ல என்ற வகையில்தான் பதில் கிடைத்தது. தம்மை உளவாளி என்று ஆயர் சந்தேகித்திருக்கலாம் என்று ஃபிரான்ஸ் நினைத்தார். அதற்கும் காரணம் இருந்தது. அவரது ஊரில் முன்பு பங்குத்தந்தையாக இருந்த கரோபாத் அடிகளார் ஒரு மறையுரைக்காகக் கைது செய்யப்பட்டு, ஊரைவிட்டே அனுப்பப்பட்டிருந்தார். அடுத்து வந்த இளம் குருவும் ஃபிரான்சை எப்படியாவது காப்பாற்றத்தான் பார்த்தார்.

இந்த இடத்தில் ஒரு பங்குத்தந்தையாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். மூன்று சிறு பிள்ளைகளின் தகப்பன் ஒருவர் என் அறை வாசலில் வந்து நின்று, 'சாமி, நான் கையெழுத்துப் போட்டால் பாவம், போடாவிட்டால் சாவு' என்றால் நான் என்ன சொல்வேன்? 'போட்டுவிட்டுப் போப்பா, கடவுளுக்குத் தெரியும்' என்றுதான் சொல்லியிருப்பேன் என்று அஞ்சுகிறேன். அந்தக் குருக்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1943 மார்ச் 1-ஆம் நாள் என்ஸ் நகரப் படைமுகாமுக்குப் போன ஃபிரான்ஸ், ஆயுதம் ஏந்திப் போரிட மாட்டேன் என்று அறிவித்தார். காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யும் மருத்துவப் பிரிவில் சேரத் தயார் என்றும் சொன்னார், அதை ஏற்கவில்லை. லின்ஸ் சிறை, பிறகு பெர்லின் தேகல் சிறை. ஜூலை 6-ஆம் நாள் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அந்தச் சிறையில்தான், ஹிட்லருக்கு உறுதிமொழி எடுக்க மறுத்து ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற குரு முந்திய ஆண்டில் கொல்லப்பட்டதைச் சிறை ஆன்ம குரு அவருக்குச் சொன்னார். ஒரு குருவும் இதே வழியில் போயிருக்கிறார் என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாயிற்று.

ஆகஸ்டு 9-ஆம் நாள் பிராண்டன்பர்க் சிறைக்குக் கொண்டுபோனார்கள். கையெழுத்திட்டால் உயிர் தப்பலாம் என்ற தாள் கடைசிவரை மேசைமேல் கிடந்ததாக, அவரைச் சந்தித்த யோக்மன் என்ற குரு பின்னர் கூறினார். மாலை 4 மணிக்கு கில்லட்டின் என்னும் பொறியால் தலை வெட்டப்பட்டது. அவருக்கு வயது 36. பிள்ளைகளுக்கு வயது ஐந்து, நான்கு, மூன்று.

விசுவாசத்தை மறுதலிக்கும்படி யாரும் அவரைக் கேட்கவில்லையே, பின் எப்படி மறைசாட்சி என்று சிலர் கேட்பதுண்டு. புனித தாமஸ் அக்குவினாஸ் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டார். திருமுழுக்கு யோவான் விசுவாசப் பிரமாணத்துக்காகச் சாகவில்லை. அரசனின் முறைகெட்ட உறவைக் கண்டித்ததற்காகச் செத்தார். ஆயினும் அவர் மறைசாட்சி. கடவுளுக்காகக் கடைப்பிடிக்கும் எந்த நற்செயலும் மறைசாட்சியத்துக்குக் காரணமாகலாம் என்பது தாமசின் போதனை. மனச்சாட்சி மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் இடம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏடு 16-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராதவர்களை நாடுகள் மனிதநேயத்தோடு நடத்த வேண்டும் என்று 79-ஆம் எண் கேட்கிறது. அந்தச் சங்கத்தின்போது யேகர்ஸ்டேட்டரின் கதையை ஆயர்கள் முன் எடுத்து வைத்தவர் யார் தெரியுமா? முன்பு பம்பாய்ப் பேராயராக இருந்து, இந்தியர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்க வழிவிட்டு விலகிய தாமஸ் ராபர்ட்ஸ் என்ற இயேசு சபைத் துறவிதான்.

ஆனால் அந்தப் பெண் கேட்டது இதை அல்லவே.

ஃபிரான்சிஸ்காவும் முதலில் கணவரின் மனதை மாற்றப் பார்த்தார். மாமியார் அழுதார், உறவுகள் திட்டினார்கள், ஊர் ஒதுக்கியது. பிறகு ஒரு கட்டத்தில் அவர் வாதிடுவதை நிறுத்திக்கொண்டார். தானும் கணவரோடு நிற்காவிட்டால் அவருக்கு யாருமே இருந்திருக்க மாட்டார்கள் என்று பின்னாளில் சொன்னார். ஜூலையில் பங்குத்தந்தையோடு பெர்லினுக்குப் போய்க் கணவரைக் கடைசியாகப் பார்த்தார். கிடைத்தது இருபது நிமிடம். சிறையிலிருந்து ஃபிரான்ஸ் எழுதிய கடிதங்களில் மறையுரையைவிட வயல் வேலையைப் பற்றிய விசாரிப்பும் பிள்ளைகளைப் பற்றிய ஏக்கமும்தான் அதிகம். நினைத்தார், அம்மா. நினைத்துக்கொண்டேதான் செத்தார். பிள்ளைகளுக்காகக் கூட ஒருவன் பிறர் பிள்ளைகளைக் கொல்லப் போக முடியாது என்பதுதான் அவர் கண்ட முடிவு.

அதற்கான விலையை அந்த அம்மா கொடுத்தார். வயலில் தாமே உழைத்தார். கணவரைக் கெடுத்ததே இவளுடைய அளவுமீறிய பக்திதான் என்று ஊர் பேசியது. போரில் இறந்த வீரர்களின் மனைவியருக்குக் கிடைத்த உதவி இவருக்கு மறுக்கப்பட்டு, 1950-இல்தான் கிடைத்தது. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை: போர் முடிந்தபின் ஃபிரான்சைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்ட இதழில் வெளியிட ஆயர் ஃபிளீசர் அனுமதிக்கவில்லை. கீழ்ப்படிந்து போருக்குப் போய் இறந்தவர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் எண்ணம். கோல்டன் தீர்ப்பு எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. கார்டன் ஸான் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1964-இல் நூல் எழுதிய பிறகே வெளியுலகம் அறிந்தது. 1997-இல் பெர்லின் நீதிமன்றம் அந்த மரண தண்டனையை இரத்து செய்தது.

2007 அக்டோபர் 26-ஆம் நாள் லின்ஸ் பேராலயத்தில் கர்தினால் சரைவா மார்ட்டின்ஸ் ஃபிரான்சை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். ஃபிரான்சிஸ்காவுக்கு அப்போது வயது 94. கணவரின் திருப்பண்டம் அடங்கிய பேழையைக் கையில் ஏந்தி வந்து, முத்தமிட்டுக் கொடுத்தார். அதன்பிறகும் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்ந்து, நூறு வயது நிறைந்தபின் 2013 மார்ச் 16-ஆம் நாள் இறந்தார்.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "அப்போ அந்த அம்மாவுக்கும் ஒரு திருநாள் வைக்கணும் சாமி" என்றார்.