பழைய மடிக்கணினிக்குப் புதிய வேகம்

“பொறுத்தார் பூமி ஆள்வார்” என்பது பழமொழி. ஆனால், மடிக்கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு, திரையில் சுற்றிச் சுற்றி வரும் வட்டத்தையே பல நிமிடங்கள் பார்த்துக் கொண்டிருக்கும் மாணவியின் பொறுமை எத்தனை நாள் தாங்கும்? “பழசாகிவிட்டது; இனி புதிதுதான் வாங்க வேண்டும்” என்று யாராவது சொல்லிவிட்டால், பெற்றோர் வீட்டுச் செலவுக் கணக்கை நினைத்துப் பெருமூச்சு விடுகின்றனர்.

தோழியரே, அவ்வளவு விரைவில் முடிவு கட்டிவிட வேண்டாம்! பெரும்பாலும் நோய் கணினி முழுவதிலும் இல்லை. ஒரே ஓர் உறுப்பில்தான் இருக்கிறது. வன்தட்டு என்று நாம் கூறும் ஹார்டு டிஸ்க்கே அது.

தாமதம் ஏன்?

வன்தட்டு, 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் உலகிற்கு அளித்த சாதனம். அந்த முதல் வன்தட்டில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அதில் அடங்கியவையோ 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே! இன்று அது உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. எனினும் வேலை செய்யும் முறை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல, மெல்லிய கை ஒன்று முன்னும் பின்னும் நகர்ந்து தகவலைத் தேடிப் படிக்கிறது.

மடிக்கணினி வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். வேகந்தானே என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி. வேண்டிய இடம் கைக்கு நேரே வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லி விநாடி ஆகும். கை நகர்வதற்குச் சுமார் 12 மில்லி விநாடி. ஆக, ஒரு முறை தேட 17.5 மில்லி விநாடி. கணினி விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுக்க வேண்டியுள்ளது. பத்தாயிரம் முறை தேட நேர்ந்தால் 175 விநாடி, ஏறக்குறைய மூன்று நிமிடம்! ஒவ்வொரு புத்தகத்திற்கும் நூலகர் ஏணியில் ஏறி இறங்குவதைப் போன்றது இது.

சுழலாத நினைவகம்

எஸ்.எஸ்.டி. என்பது வன்தட்டின் வேலையைச் செய்யும் புதுமுறைச் சாதனம். இதில் சுழலும் தட்டும் இல்லை. அசையும் கையும் இல்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா என்ற பொறியியலாளர் 1980-களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளே இதன் உயிர். பென் டிரைவில் இருப்பதும் இந்த வகை நினைவகமே. கண்ணுக்குத் தெரியாத நுண்ணறைகளில் எலக்ட்ரான்கள் சிறைப்பட்டு நிற்பதால், மின்சாரத்தை நிறுத்தினாலும் தகவல் அழிவதில்லை.

எந்த மூலையில் இருக்கும் தகவலையும் இது ஏறத்தாழ 0.1 மில்லி விநாடியில் எடுத்துத் தரும். அதே பத்தாயிரம் தேடல்களுக்கு ஒரே விநாடி போதும்! செயலி முதலிய மற்ற உறுப்புகளின் வேலையும் உண்டாதலால், கணினி ஒரு விநாடியில் திறந்துவிடாது. எனினும் நிமிடக் கணக்கு விநாடிக் கணக்காகச் சுருங்கும். மேலும், அசையும் உறுப்புகள் இல்லாமையால் அதிர்ச்சியை நன்கு தாங்கும்; ஓசை எழுப்பாது; மின்கலத்திற்கும் சுமை குறைவு.

மாற்றுவது எப்படி?

முதலாவது, நம் கணினிக்கு ஏற்றது எது என அறிய வேண்டும். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டரை அங்குல ‘சாட்டா’ வகை பொருந்தும். புதியவற்றில் ‘எம்.2’ என்னும் மெல்லிய பட்டை வகை உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று பொருந்தாது.

இரண்டாவது, பாடக் குறிப்புகள், குடும்பப் படங்கள் அனைத்தையும் வேறோர் இடத்தில் நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் திருப்புளியைத் தொடவே கூடாது!

மூன்றாவது, பழைய வன்தட்டில் உள்ளதை யு.எஸ்.பி. கேபிள் வழியாகப் புதியதில் அப்படியே படியெடுக்கலாம். அல்லது இயங்குதளத்தைப் புதிதாக நிறுவலாம்.

நான்காவது, கணினியை முழுவதும் நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, மின்கலத்தின் இணைப்பையும் நீக்க வேண்டும். உடலில் தங்கிய நிலைமின்சாரம் சில்லுகளுக்குக் கேடு செய்யும். ஆகவே உலோகப் பொருளொன்றைத் தொட்டுவிட்டு, அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றி, வன்தட்டை மெல்ல உருவி, அதன் சட்டத்தில் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்திச் செருக வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத கணினியாயின், முதலில் நிபந்தனைகளைப் படித்தல் நலம்.

தீராத குறைகள்

எஸ்.எஸ்.டி. எல்லா நோய்க்கும் மருந்தன்று. இணையத்தின் வேகம் இதனால் கூடாது. ரேம் நினைவகம் மிகக் குறைவாயின் அதையும் கூட்ட வேண்டியிருக்கும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவலாம். நுண்ணறைகள் அழித்து எழுத எழுதத் தேய்பவை. ஒரு நாள் எச்சரிக்கையின்றியும் நின்றுவிடலாம். ஆகவே நகல் எடுக்கும் பழக்கத்தை ஒருநாளும் விடக் கூடாது.

திருப்புளி பிடிப்பது ஆண்களின் வேலை என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. தையல் இயந்திரத்தைத் திறந்து எண்ணெய் விடும் கைகளுக்கு இது கடினமன்று. பெரியோர் ஒருவர் உடனிருக்க, நிதானமாகச் செய்தால் போதும். கணினி முழுவதையும் மாற்றுவதைவிட இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பெற்றோரின் பணமும் மிஞ்சும். குப்பையில் சேரும் மின்பொருளும் குறையும்.

எனவே, “இனி பயனில்லை” என்று ஒதுக்குமுன் குறை எங்கே என்று ஆராய்வோம். ஆராய்ந்து செயல்படுவோம், பயன் பெறுவோம்!