பாரம் இழுக்கிறவன் பின்னாலும் பார்க்க வேண்டும்

வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறவன் நான். வெங்காயம், வைக்கோல், செங்கல், எரு, எது கிடைத்தாலும் ஏற்றுவேன். வேடசந்தூர் பக்கத்துக் காடுகளிலிருந்து திண்டுக்கல் வர நான்குவழிச் சாலையில் ஏறியாக வேண்டும். முன்பு என்.எச். 7, இப்போது என்.எச். 44, ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற சாலை. அதில் கார்கள் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும். பாரம் ஏற்றிய என் வண்டி 25-ஐத் தாண்டாது. நடுவில் 100 மீட்டர் இடைவெளி இருந்தாலும் ஐந்தே நொடியில் தீர்ந்துவிடும்.

அதனால்தான் சரக்கு வண்டிக்குப் பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒளிரும் பட்டை ஒட்டச் சொல்கிறார்கள். டிரெய்லரில் பட்டை இருக்கும். வைக்கோலை ஏற்றியதும் அது மறைந்துபோகும். இருட்டில் வருகிறவனுக்கு வைக்கோல் தெரியாது. பாரம் பெட்டியைவிட்டு வெளியே நீட்டக் கூடாது என்பதே சட்டம். 2019-இல் திருத்திய பிறகு அபராதம் 20,000 ரூபாய். ஒரு நடை வாடகை எங்கே, அது எங்கே!

புதிதாக வண்டி ஓட்ட வரும் பையன்களிடம் நான் முதலில் கேட்பது பிரேக்கைப் பற்றித்தான். டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒரு பெடல், வலதுக்கு ஒரு பெடல். உழும்போது சட்டென்று திரும்ப அது தேவை. ரோட்டில் ஏறும்முன் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். "தம்பி, பெடலைப் பூட்டினியா?" என்று கேட்டால், "பக்கத்துலதானண்ணே போறேன்" என்பார்கள். பக்கத்தில் போனாலும் அதே ரோடுதான்.

இன்னொன்று மேம்பால இறக்கம். பிரேக் இல்லாத டிரெய்லர் இறக்கத்தில் டிராக்டரை முன்னே தள்ளும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை. ஏறுவதற்கு முன்பே சின்ன கியருக்கு மாற்றி, அதே கியரில் இறங்குங்கள். கொக்கிப் பின்னுக்கு லாக் போட்டிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கம்பியை முறுக்கிக் கட்டுவது லாக் ஆகாது.

வண்டி நின்றுபோய் இன்னொன்று கட்டி இழுத்தால், இரண்டுக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இழுபடும் வண்டியிலும் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். பின்னால் 'ஆன் டோ' என்று எழுதித் தொங்கவிட வேண்டும். கயிறு கண்ணுக்குத் தெரிய நடுவில் ஒரு சிவப்புத் துணி கட்டுவேன்.

எதிர்த்திசையில் ஓட்டுவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. யு-டர்ன் தூரம் என்று பாரத்தோடு எதிரே வருகிறார்கள். அதை அபாயமாக ஓட்டும் குற்றமாகவே சட்டம் பார்க்கிறது.

தைப்பூசக் காலத்தில் பழனி ரோட்டில் பாதயாத்திரைக்காரர்கள் இரவெல்லாம் ஓரமாக நடப்பார்கள். அந்த நாட்களில் ராத்திரி நடையை நான் ஒப்புக்கொள்வதில்லை. வியாபாரிகளும் காலை வரை பொறுக்க வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033-க்கு போன் செய்யுங்கள். அந்த எண்ணை இப்போதே செல்லில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.