நீயே தேடிப்போன வலியா? டம்மி டக் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மெதுவான மாதங்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

நம்ம நேயர் ஒருத்தங்க போன மாசம் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பல வருஷம் போராடி உடம்பு எடையை நிறையவே குறைச்சவங்க. எடை போயிடுச்சு, ஆனா வயித்துத் தோல் மடிப்பு மடிப்பா தொங்கிடுச்சு. அதுக்காக டம்மி டக் ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. அனுப்பும்போது மூணாவது வாரம். முழுசா நிமிர முடியல, சாயங்காலம் ஆனா வயிறு கல்லு மாதிரி ஆகுது, தொப்புளுக்குக் கீழ தொட்டா உணர்ச்சியே இல்லைன்னு சொன்னாங்க. ஆனா அவங்களை ரொம்ப வாட்டினது வேற. வீட்ல அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி: "யாரு உன்னைப் பண்ணிக்கச் சொன்னது? நீயே தேடிப்போன வலி தானே?" அதனால வலிக்குதுன்னு சொல்றதையே அவங்க நிறுத்திட்டாங்க.

எனக்கு பயமா இருந்தது அந்தக் கடைசி விஷயம்தான். இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற கஷ்டத்துல பெரும்பகுதி நார்மல், மெதுவா போயிடும். சிலது மட்டும் உடனே டாக்டர்கிட்ட போக வேண்டியது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும்னா வாயைத் திறந்து கேட்டாகணும். "நானே இழுத்துவிட்டுக்கிட்டது"ன்னு கூச்சப்படுறவங்க கேட்கவே மாட்டாங்க.

முதல்லயே சொல்லிடுறேன், நான் கோட் எழுதுற ஆளு, டாக்டர் இல்லை. இங்க சொல்றது பொதுவான தகவல். உங்க சர்ஜன் வேற மாதிரி சொல்லியிருந்தா, அவர் சொன்னதுதான் கணக்கு.

உள்ளே என்னதான் பண்ணாங்க?

"சும்மா தோலைத் தானே வெட்டினாங்க"ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. முழு டம்மி டக்ல ஒரு இடுப்பெலும்புல ஆரம்பிச்சு இன்னொரு இடுப்பெலும்பு வரைக்கும் அடிவயித்துல வெட்டுவாங்க. தோலையும் கொழுப்பையும் சேர்த்து, கீழ இருக்கிற தசையில இருந்து விலா எலும்பு பக்கம் வரைக்கும் பிரிச்சுத் தூக்குவாங்க. நடுவுல விலகிப் போன வயித்துத் தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைப்பாங்க. அப்புறம் தோலைக் கீழ இழுத்து, மிச்சத்தை வெட்டி எடுத்து, தொப்புளுக்குப் புதுசா ஒரு வாசல் வெச்சுத் தைப்பாங்க. நிறைய பேருக்கு இதோட பக்கவாட்டுல லைப்போசக்ஷனும் சேரும். அது தோலுக்கு அடியில குழாயை முன்னும் பின்னும் ஓட்டிக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற வேலை.

"எக்சர்சைஸ் பண்ணியிருந்தா சரியாகியிருக்கும்ல?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு பதில். ரொம்ப நாள் இழுபட்ட தோல்ல கொலாஜன், எலாஸ்டின் நார்கள் சேதமாகியிருக்கும். தசையை வளர்க்கலாம், அந்த நார்களை ஜிம்ல தைக்க முடியாது. தொங்குற மடிப்புக்குள்ள வேர்வை தேங்கி, நம்ம ஊர் வெயில்ல அரிப்பும் படையும் புண்ணும் வரும். அதோட வாழ்ந்தவங்களுக்குத்தான் தெரியும், இது அழகுக்கு மட்டும் பண்ற வேலை இல்லைன்னு. சரி, அழகுக்காகவே பண்ணியிருந்தாலும் என்ன? வெட்டுப்பட்ட திசுவுக்குக் காரணம் தெரியாது. எதுக்காக வெட்டினாலும் ஒரே மாதிரிதான் வலிக்கும்.

காயத்துக்குன்னு ஒரு கேலண்டர் இருக்கு

காயம் ஆறுறதுல மூணு கட்டம். முதல் சில நாள் அழற்சி: வீக்கம், சூடு, வலி. அடுத்த சில வாரம் புது ரத்தக்குழாயும் கொலாஜனும் வளர்ற கட்டம். மூணாவது, அந்தக் கொலாஜனைக் கலைச்சு ஒழுங்கா அடுக்குற கட்டம். இது ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ ஓடும்.

பலம் எப்படி ஏறுதுன்னு பாருங்க. 3 வாரத்துல காயத்தோட இழுவைத் தாங்கும் பலம் பழைய தோல்ல சுமார் 20 சதவீதம்தான். சுமார் 3 மாசத்துல 80 சதவீதம் பக்கம் வரும். 100 சதவீதம் திரும்ப வரவே வராது. வெளியில இருந்து பார்த்தா 3 வாரத்துலயே தையல் அழகா ஒட்டியிருக்கும். பார்க்கிறவங்க "அதான் ஆறிடுச்சே"ம்பாங்க. உள்ளே அஞ்சுல ஒரு பங்கு பலம்தான் இருக்கு.

சுமார் 6 வாரத்துக்கு வெயிட் தூக்காதீங்கன்னு பெரும்பாலான சர்ஜன்கள் சொல்றது இதனாலதான். வெயிட்னா டம்பெல் மட்டும் இல்லை. வீட்டு வாசல்ல வர்ற 20 லிட்டர் தண்ணி கேன் 20 கிலோ. நிரம்பின பாத்ரூம் பக்கெட், துவைச்ச ஈரத்துணி, இடுப்புல ஏறத் துடிக்கிற குழந்தை, எல்லாமே வெயிட்தான். ஆபரேஷனுக்கு முன்னாடியே "கேன் மாத்துறது யாரு, பக்கெட் தூக்குறது யாரு"ன்னு ஆள் பேசி வெச்சுக்கோங்க.

முதல் ரெண்டு வாரம்

இடுப்பை மடக்கி, முதுகுக்கும் முழங்காலுக்கு அடியிலயும் தலையணை வெச்சு, சாய்வு நாற்காலியில படுத்த மாதிரிதான் படுக்கணும். நேரா நீட்டிப் படுத்தா தையல் இழுபடும். நடக்கும்போதும் ஒரு வாரம், ரெண்டு வாரம் கூன் போட்டுத்தான் நடப்பீங்க. அதனால முதுகும் வலிக்கும். அது எதிர்பார்த்ததுதான்.

வலிச்சாலும் நடக்கணும். ஆபரேஷன் அன்னைக்கோ மறுநாளோ எழுப்பி நடக்க விடுவாங்க. சும்மாவே படுத்திருந்தா கால்ல ரத்தம் உறையலாம். பாத்ரூம் வரைக்கும், ஹால் வரைக்கும்னு குட்டிக் குட்டி நடை போதும். இருமல், தும்மல் வந்தா ஒரு தலையணையை வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கோங்க. செக்கப்புக்குக் கார்ல போகும்போதும் அந்தத் தலையணை கூட வரட்டும். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் நன்றி சொல்வீங்க.

வலி மாத்திரையைத் தாங்க முடியாத கட்டம் வர்ற வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. எழுதிக் கொடுத்த நேரத்துல போட்டா குறைஞ்ச டோஸ்லயே சமாளிக்கலாம். உச்சத்துக்குப் போன வலியை இறக்குறது கஷ்டம். ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஜலதோஷ மாத்திரையிலயும் அது ஒளிஞ்சிருக்கும், அட்டையைப் படிங்க. ரெண்டு, மெடிக்கல் ஷாப்புல கேட்டு வேற வலி மாத்திரை வாங்காதீங்க. சிலது ரத்தக்கசிவைக் கூட்டும். ட்ராமடால் மாதிரி வீரியமான மாத்திரை மலச்சிக்கல் பண்ணும். தைச்ச வயித்தை வெச்சு முக்குறது கொடுமை. தண்ணி, நார்ச்சத்து, தேவைன்னா டாக்டர் தர்ற மலமிளக்கி, இதுக்கெல்லாம் கூச்சமே வேண்டாம்.

சிலருக்கு ட்ரெய்ன் குழாய் வெச்சிருப்பாங்க. அதுல வர்ற நீரை அளந்து எழுதி வைங்க. 24 மணி நேரத்துக்கு 30 மில்லிக்குக் கீழ வந்ததும் எடுக்கிறது ஒரு பொதுவான கணக்கு, சர்ஜனுக்கு சர்ஜன் மாறும். போன்ல ஒரு நோட்ஸ் போதும்: டெம்பரேச்சர், ட்ரெய்ன் அளவு, மாத்திரை போட்ட நேரம், வலி பத்துக்கு எவ்வளவு. "எப்படி இருக்கு?"ன்னு டாக்டர் கேட்கும்போது "பரவாயில்ல சார்"னு முடிக்காம, அந்த நோட்ஸை எடுத்துக் காட்டலாம். கூச்சப்படுறவங்களுக்கு நம்பர் ஒரு நல்ல துணை.

கண்ணாடி ஏமாத்துற மாசங்கள்

வெட்டும்போது நிணநீர்க் குழாய்களும் அறுபடும். வடிகால் அடைச்ச தெரு மாதிரி நீர் தேங்கும். காலையில கொஞ்சம் தட்டையா இருக்கிற வயிறு சாயங்காலம் உப்பிடும். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ்னு உப்பு ஏறின அன்னைக்கு இன்னும் கூடும். முதல் நாட்கள்ல வெயிங் மெஷின் எடை கூடினதாவே காட்டும். அது கொழுப்பு இல்லை, நீர். பெரும்பகுதி வீக்கம் மூணு மாசத்துக்குள்ள இறங்கும். மிச்சம் வடிய ஆறு மாசம், ஒரு வருஷம்கூட ஆகலாம். கம்ப்ரெஷன் பெல்ட்டைச் சொன்ன காலம் வரைக்கும் போடுங்க. மூச்சு முட்டுற அளவுக்கு இறுக்க வேண்டாம்.

தழும்பும் அப்படித்தான். முதல் ரெண்டு மூணு மாசம் சிவந்து, தடிச்சு, அசிங்கமாத்தான் தெரியும். மங்க 12 முதல் 18 மாசம் ஆகும். நம்மள மாதிரி அடர்நிறத் தோலுக்குத் தடிச்ச தழும்பும் கீலாய்டும் வர்ற வாய்ப்பு அதிகம். காயம் முழுசா மூடினதும் சிலிகான் ஷீட், ஜெல் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. தினமும் மூணு தடவை செல்ஃபி எடுத்து ஒப்பிடாதீங்க. மாசத்துக்கு ஒரு தடவை, ஒரே நேரம், ஒரே வெளிச்சம். அப்பதான் மாற்றம் தெரியும்.

வெந்நீர் ஒத்தடம் கூடாது

இது நம்ம வீடுகளுக்கு ரொம்ப முக்கியம். அடிவயித்துத் தோலுக்குப் போற நரம்புகளும் அறுபட்டிருக்கும். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதனால மாசக்கணக்குல அந்த இடம் மரத்தே இருக்கும். சிலருக்குக் கொஞ்சம் இடம் நிரந்தரமாவே மரத்துப் போகும். நடுவுல சுரீர்னு குத்துறது, அரிக்கிறது எல்லாம் நரம்பு திரும்ப முளைக்கிறதோட அறிகுறியா இருக்கலாம்.

வலிக்குதுன்னதும் நம்ம அம்மா பாட்டிங்க பாசத்தோட எடுக்கிறது வெந்நீர்ப் பை. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. சுட்டுக் கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். ஐஸ் கட்டியை நேரடியா வெச்சாலும் அதே ஆபத்துதான். அன்பா மறுத்துடுங்க.

இன்னொண்ணு பத்தியம். "புண்ணு சீழ் வைக்கும், முட்டை வேண்டாம், மீன் வேண்டாம்"னு நிறுத்துவாங்க. காயம் ஆற வேண்டிய மூலப்பொருளே புரதம்தான். பேரியாட்ரிக் ஆபரேஷன் பண்ணி எடை குறைச்சவங்களுக்கு ஏற்கனவே புரதம், இரும்புச்சத்து, பி12 குறைவா இருக்க வாய்ப்புண்டு. முட்டை, மீன், பருப்பு, தயிர், சுண்டல் எது ஒத்துக்குதோ சாப்பிடுங்க. சிகரெட், வேப் ரெண்டும் கூடாது. நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும், ரத்தம் போகாத தோல் ஓரம் கருத்துச் செத்துப் போகும்.

எதுக்குக் காத்திருக்கவே கூடாது

இந்தப் பகுதியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, உங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கும் அனுப்புங்க.

- திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமல்ல ரத்தம், மயக்கம்: கால்ல உறைஞ்ச ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உயிர் போற விஷயம். உடனே 108.
- ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்குது: அதே நாள் டாக்டர்கிட்ட போங்க. டிஸ்சார்ஜ் ஆகிப் பல நாள் கழிச்சும் வரலாம். கருத்தடை மாத்திரை எடுக்கிறவங்க அதை ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லணும்.
- ஒரு பக்கம் மட்டும் திடீர்னு இறுகி வீங்கி, வலி கூடிக்கிட்டே போகுது: உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். உடனே போன் பண்ணுங்க.
- 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல், பரவுற சிவப்பு, நாத்தமடிக்கிற கசிவு: கிருமித்தொற்றா இருக்கலாம். அன்னைக்கே காட்டுங்க.
- தோல் ஓரம் கருக்குது, தையல் பிரியுது: அன்னைக்கே காட்டுங்க.
- அசைஞ்சா உள்ளே தண்ணி குலுங்குற உணர்வு: சீரோமா, நீர் தேங்குறது. அடிக்கடி வர்ற ஒண்ணு. ஊசியால உறிஞ்சி எடுக்கலாம். அவசரம் இல்லை, ஆனா சொல்லணும்.

நார்மல் வலி நாளாக நாளாகக் குறையும், ரொம்ப அசைஞ்ச அன்னைக்குக் கொஞ்சம் கூடும். குறைஞ்சுக்கிட்டு வந்தது காரணமே இல்லாம ஏறினா அது கேள்வி. கேட்டுடுங்க.

மனசு

முதல் வாரங்கள்ல "ஏன்டா பண்ணோம்"னு அழுகை வர்றது ரொம்பப் பேருக்கு நடக்கும். தூக்கம் இல்லை, மாத்திரை மயக்கம், குளிக்கக்கூட இன்னொருத்தர் உதவி, கண்ணாடியில ஆபரேஷனுக்கு முன்னாடியை விட வீங்கின உடம்பு. அந்த நாட்கள்ல "தப்புப் பண்ணிட்டேன்"னு தீர்ப்பு எழுதாதீங்க. ரிசல்ட் இன்னும் வரவே இல்லை. ரெண்டு வாரத்துக்கு மேல மனசு இருண்டே இருந்தாலோ, உயிரை விட்டுடலாம்னு ஒரு நொடி தோணினாலோ, டெலி மானஸ் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயும் பேசுவாங்க.

ஆபீஸ்ல "வயித்துல ஒரு ஆபரேஷன்"னு சொன்னாப் போதும். என்ன ஆபரேஷன்னு கூட வேலை பார்க்கிற எல்லாருக்கும் விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டெஸ்க் வேலைக்கே ரெண்டு மூணு வாரம் லீவ் கணக்கு வைங்க. அதுக்கப்புறமும் முதல் வாரம் வீட்ல இருந்தே வேலை கிடைச்சா நல்லது.

கடைசியா, வீட்ல இருந்து இதைக் கேட்கிறவங்களுக்கு. இந்த ஆபரேஷன்ல உங்களுக்கு உடன்பாடு இல்லாம இருக்கலாம். அந்த விவாதத்தை ஆறு மாசம் தள்ளி வைங்க. இப்போதைக்கு "இன்னைக்கு வலி எப்படி இருக்கு? கால் வீங்கியிருக்கா? ஜுரம் பார்த்தியா?"ன்னு மட்டும் தினமும் கேளுங்க. உங்க வீட்ல படுத்திருக்கிறவங்க உண்மையான பதில் சொல்ற அளவுக்கு அந்தக் கேள்வி சாதாரணமா இருந்தாப் போதும்.

அந்த நேயருக்கு, நீங்க சொன்ன மூணுமே மூணாவது வாரத்துல பெரும்பாலும் நடக்கிறதுதான். ஆனாலும் அடுத்த செக்கப்ல மூணையும் சொல்லுங்க, எழுதி வெச்சுச் சொல்லுங்க. மத்த எல்லாரும் உங்க கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.