ஒகேனக்கல்லில் பாறையையும் பாருங்கள்

நாகரசம்பட்டிக்குக் குழாயில் வருவது ஒகேனக்கல் காவிரித் தண்ணீர். இந்த வட்டாரப் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு கலந்து, பல்லில் கறையும் எலும்பில் வலியுமாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அவதிப்பட்டன. அதற்காகவே ஜப்பான் கடனுதவியுடன் கட்டப்பட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. பாறை என்றாலே நமக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் ஒகேனக்கல்லை உலகம் அறிய வேண்டுமானால் அது பாறையால்தான் முடியும்.

'இந்தியாவின் நயாகரா' என்கிறோம். எதற்கு இந்த இரவல் பட்டம்? நயாகரா அருவி உருவாகிச் சுமார் 12,000 ஆண்டுகளே ஆகின்றன. அது விழும் பாறைக்கு வயது நாற்பது கோடி ஆண்டுக்குச் சற்று மேல். ஒகேனக்கல் பகுதியில் உள்ள கார்பனடைட் பாறைக்கோ ஏறத்தாழ 240 கோடி ஆண்டு!

கார்பனடைட் பார்வைக்குச் சுண்ணாம்புக்கல் போலிருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால் அதைப் போலவே நுரைக்கவும் செய்யும். பிறப்பு மட்டும் வேறு. சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலடியில் படிந்தது. கார்பனடைட், பூமியின் மேலோட்டுக்குக் கீழேயுள்ள மூடகத்திலிருந்து குழம்பாக எழுந்து உறைந்தது. சாதாரண எரிமலைக் குழம்பு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும். தான்சானியாவின் ஓல் டோயின்யோ லெங்காய் கக்கும் கார்பனடைட் குழம்பு 500–600 டிகிரிதான், எண்ணெய் போல் ஓடும். இன்று உயிரோடிருக்கும் கார்பனடைட் எரிமலை அது ஒன்றே. ஒகேனக்கல்லில் எழுந்த குழம்பு, அதைவிடப் பழைய சார்னகைட் பாறையின் பிளவுகளில் புகுந்து, துண்டு துண்டாக உறைந்து நிற்கிறது. கைப்பேசிக்கும் காற்றாலைக்கும் வேண்டிய அருமண் தனிமங்களை உலகம் பெரும்பாலும் இவ்வகைப் பாறைகளிலிருந்தே எடுக்கிறது.

நம் பக்கத்துச் சாமல்பட்டியிலும் கார்பனடைட் உண்டு. ஒகேனக்கல்லோடு ஒப்பிட்டால் வயதில் மிக இளையது. ஒரே வட்டாரத்தில், நூறு கோடி ஆண்டுக்கும் மேலான இடைவெளியில், இருமுறை இந்த அபூர்வக் குழம்பு எழுந்திருக்கிறது. உள்ளூரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தமிழகத்தில் திருவக்கரை, சாத்தனூர், புனித தோமையார் மலை, காரை ஆகிய நான்கு இடங்களைப் புவிமரபுச் சின்னங்களாக ஏற்றிருக்கிறது. ஒகேனக்கல் அதில் இல்லை. யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்கா வரிசையிலோ இந்தியாவுக்கே இடமில்லை. அதெல்லாம் மெதுவாக வரட்டும். முதலில் பரிசல் துறையருகே, இந்தப் பாறையின் வயதைச் சொல்லும் ஒரு தமிழ்ப் பலகையையாவது சுற்றுலாத் துறை வைக்கட்டும்.