முன்னோக்கும் சோனார்: கோளாறு பெட்டியிலா, கம்பியிலா?

அமெரிக்க ஏரிகளில் நடக்கும் பாஸ் மீன் தூண்டில் போட்டிகளை யூடியூபில் பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி விநோதமாகப் படும். போட்டியாளர் படகின் அணியத்தில் நிற்பார், ஆனால் தண்ணீரைப் பார்க்க மாட்டார். காலடியில் இருக்கும் பெரிய திரையில்தான் அவர் கண் இருக்கும். தூண்டிலை வீசியதும் அது நீருக்குள் இறங்குவது திரையில் தெரியும். கீழே கிடக்கும் மீன் திரும்புவதும், இரையை நோக்கி மேலே வருவதும், கடைசி நொடியில் மனம் மாறி விலகிப் போவதும்கூடத் தெரியும். இதைக் காட்டுவது முன்னோக்கும் சோனார். நம் விசைப்படகுகளில் இருக்கும் எக்கோ சவுண்டர் படகுக்கு நேர் கீழே பார்க்கும். இது படகுக்கு முன்னால், படகு இன்னும் போய்ச் சேராத தண்ணீரைப் பார்க்கிறது.

மீனை ஒலியால் தேடும் கருவி புதிதல்ல. ஜப்பானின் நாகசாகியில் ஃபுருனோ சகோதரர்கள் 1948-ல் மீன்பிடித் தொழிலுக்கான முதல் மீன்காட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கத் தூண்டில்காரர்களின் சின்னப் படகுகளுக்கு அதைக் கொண்டுபோனது லோரன்ஸ் நிறுவனம், 1950களின் இறுதியில். அதன்பின் அறுபது ஆண்டுகள், கருவிகள் எவ்வளவோ மெருகேறினாலும், பெரும்பாலும் படகு கடந்துவிட்ட இடத்தைத்தான் காட்டின. 2018-ல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் வந்தபோதுதான் நிலைமை தலைகீழானது. 2020-ல் லோரன்ஸின் ஆக்டிவ்டார்கெட், 2021-ல் ஹம்மின்பேர்டின் மெகா லைவ் என்று போட்டி நிறுவனங்களும் களத்தில் இறங்கின. திரையைச் சேர்க்காமல் சோனாருக்கு மட்டுமே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும்.

இவ்வளவு கொடுத்து வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை மூன்று. படம் விட்டுவிட்டு வருகிறது. திரை முழுக்கப் பனி பெய்கிறது. திரையில் மீன் இருக்கிறது, வீசினால் அங்கே இல்லை. முதல் இரண்டும் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. மூன்றாவது கோளாறே அல்ல. கருவி எதை அளக்கிறது என்று தெரியாததால் வரும் குழப்பம். அதனால் முதலில் அளவைப் பார்ப்போம்.

நீருக்குள் தொங்கும் டிரான்ஸ்டியூசர் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் ஒலித்துடிப்பை அனுப்புகிறது. லைவ்ஸ்கோப் வகையில் அது ஏறத்தாழ 500 முதல் 1,100 கிலோஹெர்ட்ஸ் வரை. ஒரு மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். விரல் நீளத் தூண்டில் இரைகூடப் புள்ளியாகத் தெரிவதற்கு இதுவே காரணம். மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும். டிரான்ஸ்டியூசருக்குள் வரிசையாக அடுக்கிய பல உணரிகளுக்கு எதிரொலி நூலிழை முன்பின்னாக வந்து சேரும். அந்த வித்தியாசத்திலிருந்து கோணம், போய்வந்த நேரத்திலிருந்து தூரம். இவற்றோடு எதிரொலியின் பலம். கருவி அளப்பது இந்த மூன்றை மட்டுமே. திரையில் நாம் பார்க்கும் மீனும் மரக்கிளையும் இந்த மூன்று எண்களிலிருந்து வரைந்த ஓவியம்.

நேரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு புதிர் விடுபடும். 20 டிகிரி வெப்பமுள்ள நன்னீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் போகும். 30 மீட்டர் தள்ளி இருப்பதைப் பார்க்க ஒலி 60 மீட்டர் பயணிக்க வேண்டும். அதற்கு வினாடியில் 25-ல் ஒரு பங்கு பிடிக்கும். துடிப்புக்கு ஒரு படம் என்று வைத்தால் வினாடிக்கு 25 படம். தூரத்தை 60 மீட்டராகக் கூட்டினால் அது 12 ஆகிவிடும், படம் தத்தித் தத்தி நகரும். ‘என் திரை மட்டும் ஏன் இழுக்கிறது’ என்று கேட்கும் பலர் தூர அமைப்பைத் தேவையில்லாமல் நீட்டி வைத்திருப்பார்கள். நீங்கள் வீசக்கூடிய தூரம் 20 மீட்டர் என்றால் திரைக்கு 25, 30 மீட்டர் போதும்.

மீன் இருக்கிறது, ஆனால் இல்லை

இனி அந்த மூன்றாவது குறை. இந்தச் சோனாரின் பார்வை செங்குத்தாகப் பிடித்த பனையோலை விசிறி மாதிரி. லைவ்ஸ்கோப்பில் மேலும் கீழுமாக 135 டிகிரி விரிவு. பக்கவாட்டில் 20 டிகிரி மட்டுமே. அந்த 20 டிகிரி குறுகலாகத் தோன்றும். ஆனால் 10 மீட்டர் தூரத்தில் அதன் அகலம் மூன்றரை மீட்டர், 20 மீட்டரில் 7 மீட்டர், 30 மீட்டரில் பத்தரை மீட்டர். இந்த அகலத்துக்குள் மீன் எங்கே இருந்தாலும் திரையில் ஒரே இடத்தில்தான் தெரியும். இடமா வலமா என்று கருவிக்குத் தெரியாது. 20 மீட்டரில் தெரியும் மீனுக்கு நேராக வீசியதாக நினைத்தாலும் இரை மூன்று மீட்டர் தள்ளிப் போய் விழக்கூடும். அதுவும் திரையில் மீனுக்குப் பக்கத்திலேயே விழுந்ததாகத்தான் தெரியும்.

பழகியவர்கள் செய்வது எளிது. டிரான்ஸ்டியூசரை மெல்ல இடது பக்கம் திருப்பி, மீன் மறையும் திசையை மனதில் வைத்துக்கொள்வார்கள். பிறகு வலது பக்கம் திருப்பி, மறுபடி மறையும் திசையைப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் வீசுவார்கள். எந்த மெனுவிலும் இல்லாத இந்த வித்தை தெரியாமல் கருவியைப் பழுதுபார்க்கக் கொடுப்பது வீண்செலவு.

அடுத்தது தூரம். திரையில் காட்டும் 15 மீட்டர் டிரான்ஸ்டியூசரிலிருந்து கணக்கு, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அல்ல. மெனுவில் நன்னீர், உப்புநீர் என்று தேர்வு இருந்தால் அதையும் பாருங்கள். கடல்நீரில் ஒலி வேகம் சுமார் 1,520 மீட்டர். தவறாக வைத்தால் 20 மீட்டரில் அரை மீட்டர் பிசகும். பெரிய பிழையில்லைதான், ஆனால் மற்றப் பிழைகளோடு சேரும்போது வலிக்கும்.

அளவைச் சரிபார்ப்பது எப்படி? காற்றில்லாத நாளில், அடித்தளம் சமமான இடத்தில், மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் படகை நிறுத்துங்கள். அளந்த கயிற்றால் 10 மீட்டர் தள்ளி ஒரு மிதவையைக் கட்டி, அதிலிருந்து பெரிய ஈயக்குண்டை இரண்டு மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுங்கள். திரையில் குண்டு எத்தனை மீட்டரில், எந்த ஆழத்தில் தெரிகிறது? தூரம் ஒத்துவந்து ஆழம் மட்டும் பிசகினால் டிரான்ஸ்டியூசரின் சாய்வு தவறு. சமமான தரை திரையில் முன்னே போகப்போக ஏறுவதாகவோ இறங்குவதாகவோ தெரிந்தாலும் அதே நோய்தான். உள்ளே இருக்கும் சாய்வு உணரி படகின் ஆட்டத்தைச் சரிக்கட்டும். டிரான்ஸ்டியூசரைத் தாங்கும் தண்டில் கோணலாக மாட்டியிருப்பதை எப்போதும் சரிக்கட்டாது. பிடிப்புத் திருகைத் தளர்த்தி, தயாரிப்பாளர் சொன்ன கோணத்துக்குத் திருப்பி இறுக்குங்கள். டிரான்ஸ்டியூசர் மேல் இருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முன்னோக்கிப் பார்க்கும் முறையா, கீழ்நோக்கிப் பார்க்கும் முறையா என்பதைத் தானியங்கித் தேர்வுக்கு விடாமல் கையால் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை.

பிறகு திசை. அந்த மிதவையை நோக்கி டிரான்ஸ்டியூசரைத் திருப்பி, குண்டு திரையில் மிகப் பளிச்சென்று தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது மேலே, தண்டின் தலையில் இருக்கும் குறி எங்கே பார்க்கிறது? மிதவையை நேராகப் பார்க்காவிட்டால் அந்தக் குறியைத் தளர்த்தித் திருத்துங்கள். ஐந்து நிமிட வேலைதான். பலர் செய்வதில்லை.

திசைகாட்டி உணரி வேறு விஷயம். வரைபடத்தில் சோனார் பார்க்கும் திசையைக் காட்டவும், இலக்கைக் குறித்துவைக்கவும் அது தேவை. அதைச் சரிசெய்ய டிரான்ஸ்டியூசரை நீரில் இறக்கி, கட்டளை கொடுத்துவிட்டு, படகை மெதுவாக வட்டமடிக்க வேண்டும். கார்மின் கையேடு ஒன்றரைச் சுற்று கேட்கிறது. ஆனால் டிரான்ஸ்டியூசர், படகை மெல்ல நகர்த்தும் மின்மோட்டாரின் மேலேயே பொருத்தப்பட்டிருந்தால், மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் திசைகாட்டியைக் குழப்பிவிடும். எத்தனை சுற்று சுற்றினாலும் சரிவராது. அப்படிப் பொருத்தியவர்கள் அந்த வசதியை மறந்துவிடலாம்.

மோட்டார் தண்டில் பொருத்துவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஜிபிஎஸ் உதவியோடு படகை ஒரே இடத்தில் நிறுத்தும் வசதியைப் போட்டால் மோட்டார் தானாகவே அங்குமிங்கும் திரும்பும். கூடவே சோனாரும் திரும்பும், மீன் திரையிலிருந்து ஓடிவிடும். தனிக் கம்பத்தில் சோனாரைப் பொருத்தும் பழக்கம் பரவியது இதனால்தான்.

படம் விட்டுவிட்டு வந்தால்

இங்கே முதலில் எடுக்க வேண்டிய கருவி மல்டிமீட்டர். பாஸ் படகில் பேட்டரி பின்பக்கம், திரை அணியத்தில். நடுவே ஆறு மீட்டர். போகவர 12 மீட்டர் கம்பி. திரையும் சோனாரும் சேர்ந்து 6 ஆம்பியர் இழுக்கின்றன என்று வையுங்கள். மெல்லிய 16 கேஜ் கம்பியில் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ ஒரு வோல்ட் காணாமல் போய்விடும். தடித்த 10 கேஜ் கம்பியில் இழப்பு கால் வோல்ட்தான். நிறைந்த ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட். மதியத்துக்குள் அது 12-க்கு இறங்கும், கம்பி ஒரு வோல்ட் தின்னும், களிம்பு பிடித்த ஃப்யூஸ் முனை இன்னும் கொஞ்சம் தின்னும். சோனாரின் மின்னணுப் பெட்டிக்குப் போய்ச் சேர்வது பத்தரை வோல்ட். காலையில் நன்றாக ஓடிய சோனார் மதியம் ‘இணைப்பு இல்லை’ என்பது இதனால்தான்.

அளக்கும்போது எல்லாவற்றையும் ஓடவிட்டு, பெட்டிக்குள் கம்பி நுழையும் இடத்தில் அளக்க வேண்டும். எதுவும் ஓடாதபோது பேட்டரி முனையில் அளந்து ‘வோல்ட் சரியாகத்தான் இருக்கிறது’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. வெளிமோட்டாரை ஸ்டார்ட் செய்யும் அதே பேட்டரியில் சோனாரையும் கொடுத்திருந்தால், ஸ்டார்ட் செய்யும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து சோனார் அணைந்து எழும். சோனாருக்கென்று தனி பேட்டரி, தனிக் கம்பி. இதில் சிக்கனம் பார்ப்பவர்கள் பிறகு இரட்டிப்பாகச் செலவழிக்கிறார்கள்.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் படம் போகிறதா? மோட்டார் தண்டை மெதுவாக இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை திருப்பிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் படம் போனால், தண்டைச் சுற்றியிருக்கும் கேபிள் உள்ளே அறுந்துகொண்டிருக்கிறது. தண்டு திரும்பும்போதெல்லாம் இறுகித் தளரும் கேபிளுக்குப் போதுமான தளர்வு விடவில்லை என்று பொருள். இணைப்பு முனைகளைக் கழற்றி, ஊசி வளைந்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

திரையில் பனி பெய்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சோனாரை மட்டும் ஓடவிடுங்கள். படம் தெளிந்தால், ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எதைப் போட்டதும் கெடுகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் மின்மோட்டார்தான். பழைய பிரஷ் வகை மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும். முழு வேகத்தில் அந்தத் துண்டிப்பு நின்றுவிடும். அதனால் நடு வேகத்தில் வரும் புள்ளிமழை முழு வேகத்தில் மறைந்தால் அது மின்குறுக்கீடு. சோனார் கேபிளை மோட்டார் கம்பியிலிருந்து பிரித்துத் தள்ளி இழுக்க வேண்டும். மாறாக, வேகம் கூடக்கூட மழையும் கூடினால் அது விசிறி கிளப்பும் காற்றுக்குமிழி. டிரான்ஸ்டியூசரைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும். படகின் அடியில் இருக்கும் மற்ற சோனார்களும், பக்கத்துப் படகின் அதே வகைச் சோனாரும் திரையில் கோடுகளைப் போடும். முன்னதை அணைக்கலாம். பின்னதற்கு விலகிப் போவதைத் தவிர வழியில்லை.

எதிரொலியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் கெயின் அமைப்பை வைத்து ஊரெல்லாம் சண்டை. இன்னாருடைய எண் இது, அன்னாருடைய எண் அது என்று மனப்பாடம் செய்வது பயனில்லை. ஏரிக்கு ஏரி தண்ணீர் மாறும். 10 மீட்டருக்குள் இரையை வீசித் தொங்கவிட்டு, அது தெளிவாகத் தெரியும்வரை கெயினைக் கூட்டுங்கள். பின்புலத்தில் புள்ளிகள் முளைக்கத் தொடங்கியதும் ஓரிரு படி குறையுங்கள். இரைச்சல் நீக்கும் வடிகட்டியை எடுத்த எடுப்பில் உச்சத்தில் வைத்தால் இரையும் சேர்ந்து வடிகட்டப்பட்டுவிடும்.

இந்தக் கருவிக்கு எதிராக அமெரிக்காவில் முணுமுணுப்பும் பலமாகவே இருக்கிறது. மீன்பிடிப்பது போய் வீடியோ விளையாட்டாகிவிட்டது என்பது பழையவர்களின் புகார். 2025 பருவத்துக்கு பாஸ்மாஸ்டர் எலைட் தொடர் ஒரு படகுக்கு ஒரே ஒரு முன்னோக்கும் டிரான்ஸ்டியூசர், எல்லாத் திரைகளும் சேர்த்து 55 அங்குலம் என்று வரம்பு கட்டியது. மேஜர் லீக் ஃபிஷிங்கின் முதன்மைத் தொடர், ஒரு நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் அனுமதித்தது. நேஷனல் புரொஃபஷனல் ஃபிஷிங் லீக் அடியோடு தடை செய்தது.

வாங்கியவர்கள் ஒன்று செய்யுங்கள். பெட்டியைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பும் முன், எல்லாம் ஓடும் நிலையில் பெட்டியின் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று எழுதி வையுங்கள். சோப்புத் தண்ணீரால் டிரான்ஸ்டியூசர் முகத்தில் படிந்த வழுக்கலைத் துடையுங்கள். திரைக்கும் சோனார் பெட்டிக்கும் புதிய மென்பொருளை ஏற்றுங்கள். இவை மூன்றையும் செய்தபிறகும் படம் வராவிட்டால் மட்டும் பெட்டியைச் சந்தேகப்படுங்கள்.